வேருக்கு மை போட்டுப் பார்த்தோம்

எங்கள் மேலக்கொல்லை ஒன்றரை ஏக்கர். நல்ல கரிசல். செட்டிகுளம் பக்கம், பெரம்பலூர் மாவட்டம். சின்ன வெங்காயத்துக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தை விட்டால் வேறு மண் இல்லை என்று அப்பா சொல்வார், நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன். அந்தக் கொல்லையில் ஒரு முறை வெங்காயம் வரவே இல்லை. ஊன்றிய காய் எல்லாம் முளைத்தது. ஆனால் வளரவில்லை. ஏன் என்று தேடப் போனதில்தான் மண்ணுக்குள் இருக்கும் ஒரு பூஞ்சையைப் பற்றி நானும் அப்பாவும் சேர்ந்து தெரிந்துகொண்டோம். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுக்கிற ஆசிரியை. அப்பாவுக்கு விவசாயம் தவிர வேறு தெரியாது. அவருக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோது மேலக்கொல்லையை ஒன்றரை வருடம் போல எதுவும் போடாமல் விட்டுவிட்டோம். விட்டோம் என்றால் சும்மா விடவில்லை. கொல்லையில் களை தெரிந்தால் அப்பாவுக்குத் தூக்கம் வராது. மழை பெய்து பச்சை தட்டும்போதெல்லாம் டிராக்டர் விட்டு உழச் சொல்லிவிடுவார். ஒரு புல் கிடையாது. கறுப்புத் துணி விரித்த மாதிரி சுத்தமாகக் கிடந்தது. "மண்ணு நல்லா ஓய்வு எடுக்கட்டும் பாப்பா, அடுத்த வெள்ளாமைல காட்டும் பாரு" என்பார்.

கால் சரியானதும் ஐப்பசியில் வெங்காயம் ஊன்றினோம். வெங்காயம் சேமித்து வைக்கிற பட்டறையில் இருந்து விதைக்காய் எடுத்து, தாள் கிள்ளி, அழுகல் வராமல் இருக்கக் கார்பண்டசிம் கரைசலில் முக்கி எடுத்தோம். அடியுரமாக டி.ஏ.பி., அதாவது மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிறைந்த உரம். கூடவே, டவுனில் ஒரு கடையில் சொன்னார்கள் என்று ஒரு வேம் பாக்கெட்டும் வாங்கித் தொழுவுரத்தில் கலந்து போட்டோம். வேம் என்றால் வேர் உட்பூசணம், வேருக்குள் குடியிருந்து செடிக்கு உதவுகிற பூஞ்சை. அப்பா முதலில் அதை வேப்பம்புண்ணாக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தார். பெயர் அப்படி.

இருபது நாளில் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் சித்தப்பா கொல்லை. அதே கரிசல், அதே கிணற்றுத் தண்ணீர், அதே வாரத்தில் ஊன்றிய காய். அவர் அதற்கு முன்னால் மக்காச்சோளம் போட்டு அறுத்திருந்தார். அவருடையது தாள் தாளாக எழும்பி வந்தது. எங்களுடையது ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது. தாளில் பச்சை மங்கி, நுனி காய்ந்து, ஏதோ நினைப்பில் நிற்கிற மாதிரி நின்றது. அப்பா வரப்பில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்ப்பார்.

"ஓய்வு குடுத்த மண்ணுல வரல, ஓயாம வேலை வாங்குன மண்ணுல வருது. இது என்ன நாயம் பாப்பா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மண் பரிசோதனைக்குக் கொடுத்தோம். மணிச்சத்து நடுத்தரம் என்று அட்டை வந்தது. சித்தப்பா மண்ணும் நடுத்தரம்தான். சத்து இருக்கிறது, பயிருக்குப் போய்ச் சேரவில்லை. அப்படியானால் வழியில்தான் ஏதோ சிக்கல் இருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு கொல்லையிலும் பத்துப் பத்துச் செடியை மண்ணோடு பெயர்த்து எடுத்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வேர் அறாமல் அலசினேன். வெங்காயத்தின் வேரை நீங்கள் உற்றுப் பார்த்ததுண்டா? வெள்ளை நூல் மாதிரி இருபது முப்பது இழை. கிளை அதிகம் விடாது. மற்றப் பயிர்களின் வேரில் பஞ்சு ஒட்டினாற்போல இருக்கும் வேர்த்தூவிகள் இதில் மிகவும் குறைவு. ஆழமும் போகாது. மேல் ஓர் அடி மண்ணுக்குள்ளேயே பிழைப்பை முடித்துக்கொள்ளும். இவ்வளவு எளிய வேரை வைத்துக்கொண்டு எழுபது நாளில் ஒரு காயைப் பத்துக் காயாக எப்படிப் பெருக்குகிறது? தனியாகச் செய்வதில்லை என்பதுதான் விஷயம்.

வேருக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கச் சாயம் ஏற்ற வேண்டும். ஆராய்ச்சிக்கூடங்களில் டிரிபான் நீலம் பயன்படுத்துவார்கள். அது நச்சு. பிள்ளைகள் புழங்குகிற இடத்தில் வைக்க எனக்கு மனமில்லை. 1998இல் ஓர் எளிய வழியைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள்: வினிகரும் பேனா மையும். வீட்டில் ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகர் போதும். மை பெட்டிக்கடையில் கிடைத்தது. முதலில் நீல மை வாங்கினேன், அலசும்போதே கரைந்து போய்விட்டது. கறுப்பு மை நின்றது.

சனிக்கிழமை மதியம், பள்ளி ஆய்வகம். வேரை விரல்கணு நீளத்துக்கு நறுக்கி, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டுச் சில நிமிடம் சூடாக்கினேன். (கையுறை கட்டாயம். தோலில் பட்டால் அரித்துவிடும், பிள்ளைகளைத் தள்ளியே நிறுத்தினேன்.) வேருக்குள் இருக்கும் சரக்கெல்லாம் கரைந்து, வேர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பிறகு அலசி, இருபது பங்கு வினிகருக்கு ஒரு பங்கு மை என்ற கணக்கில் மூன்று நிமிடம் கொதிக்க விட்டேன். கடைசியாக, இரண்டு சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் ஊறப்போட்டால் வேரில் ஏறிய மை கழன்றுவிடும், பூஞ்சையில் ஏறிய மை மட்டும் தங்கும்.

அப்பாவும் வந்திருந்தார். கொதிக்கிற மையையும் அதில் மிதக்கிற வேரையும் பார்த்துவிட்டு, "களவு போன மாட்டுக்கு மை போட்டுப் பாப்பாங்க. வெங்காயத்துக்கும் மையா?" என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் அந்தக் காலத்தில் பொருள் காணாமல் போனால் வெற்றிலையில் மை தடவிப் பார்த்துச் சொல்லுகிறவர்கள் உண்டு. நாங்களும் காணாமல் போன ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

முதலில் எங்கள் கொல்லை வேர். ஸ்லைடு ஸ்லைடாகப் பார்த்தேன். கண்ணாடிச் சதுரங்கள் வரிசை வரிசையாக, சுத்தமாக, காலியாக. செங்கல் அடுக்கிய மாதிரி செல்கள், உள்ளே ஒன்றும் இல்லை. ஆறாவதிலோ ஏழாவதிலோ ஓர் ஓரத்தில் ஒற்றைக் கறுப்பு இழை கொஞ்ச தூரம் ஓடி நின்றிருந்தது. அவ்வளவுதான்.

அப்புறம் சித்தப்பா கொல்லை வேர். முதல் ஸ்லைடிலேயே எனக்கு மூச்சு நின்றது. செல்களுக்கு நடுவில் இழைகள் இரயில் பாதை மாதிரி நீளவாக்கில் ஓடுகின்றன. அங்கங்கே ஓர் இழை பக்கவாட்டில் செல் சுவரைத் தாண்டி உள்ளே போய், இரண்டாகப் பிரிந்து, நான்காகி, எட்டாகி, செல்லையே நிரப்பும் ஒரு குட்டி மரமாக நிற்கிறது. இலை உதிர்ந்த கருவேல மரத்தைத் தூரத்தில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி. ஒரு செல்லில் அல்ல, அடுத்தடுத்த செல்களில், தோப்பாக. இடையிடையே பலூன் மாதிரி உருண்டைகள். அவை பூஞ்சை கொழுப்பைச் சேமித்து வைக்கிற பைகள். இத்தனை வருடமாகப் பாடப்புத்தகப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து வரைந்து நடத்தியிருக்கிறேன். நிஜத்தில் அன்றுதான் பார்த்தேன். அப்பாவைக் குனியச் சொன்னேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து, "இது நம்ம கொல்லைல இல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் குட்டி மரம் என்ன வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் மணிச்சத்தின் குணத்தைச் சொல்ல வேண்டும். தழைச்சத்து (நைட்ரஜன்) தண்ணீரோடு ஓடும். பாய்ச்சினால் வேருக்கு வந்து சேர்ந்துவிடும். மணிச்சத்து அப்படி ஓடாது. போட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். அதிலும் எங்கள் மண்ணில் சுண்ணாம்பு அதிகம். பக்கத்து அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் வரிசையாக நிற்பதே அந்தச் சுண்ணாம்புக்காகத்தான். மணிச்சத்து சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிக் கிடக்கும். மண் ஈரத்தில் கரைந்திருப்பது எந்த நேரத்திலும் சொற்பம். வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டுவிடும். அதோடு சரி. அதற்கு அப்பால் இருப்பது வேரை நோக்கி நகர்ந்து வர நாள் கணக்கில் ஆகும். வேரைச் சுற்றிப் பஞ்சம், ஒரு விரற்கடை தள்ளி விளைச்சல். எங்கள் கொல்லையில் நடந்தது இதுதான். அட்டை சொன்ன சத்து இருந்தது, வெங்காயத்தின் கைக்கு எட்டவில்லை.

பூஞ்சை இழை தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பருமன் கூட இருக்காது. வேர் நுழைய முடியாத மண்துகள் இடுக்கில் எல்லாம் அது நுழையும். வேருக்குள் ஒரு முனை, மண்ணுக்குள் பல சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு முனை. அங்கே கிடைக்கும் மணிச்சத்தை உறிஞ்சி, மணி மணியாகக் கோத்த சங்கிலியாக்கி, இழைக்குள்ளேயே கடத்திக்கொண்டு வந்து, அந்தக் குட்டி மரத்தில் வைத்துச் சங்கிலியை அறுத்துச் செடிக்குக் கொடுக்கிறது. துத்தநாகமும் தாமிரமும் இதே வழியில் வரும். கரிசலில் துத்தநாகப் பற்றாக்குறையால் அவதிப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் குட்டி மரம் செல்லுக்குள் நிற்கிறது என்றாலும் செடியின் உயிர்ச்சவ்வை அது கிழிப்பதில்லை. செடியே தன் சவ்வை விரித்து, ஒவ்வொரு கிளைக்கும் உறை போட்ட மாதிரி சுற்றிக் கொடுக்கிறது. வந்த விருந்தாளிக்குத் தானே இலை போடுகிறது. சில நாள் நின்று கொடுக்கல் வாங்கல் முடிந்ததும் அந்த மரம் கரைந்துவிடும். பக்கத்துச் செல்லில் புதிதாக ஒன்று முளைக்கும்.

செடியும் சும்மா வாங்கிக்கொள்வதில்லை. இலையில் சமைத்த சாப்பாட்டில் நூற்றுக்கு நான்கில் இருந்து இருபது பங்கு வரை பூஞ்சைக்குக் கொடுத்துவிடுகிறது. இதில் சர்க்கரை மட்டும் இல்லை, கொழுப்பும் உண்டு. இந்தப் பூஞ்சைக்குக் கொழுப்பமிலத்தைத் தானே செய்துகொள்ளத் தெரியாது, செடிதான் ஊட்டுகிறது என்று 2017இல்தான் உறுதியாகத் தெரிந்தது. அதனால்தான் உயிருள்ள வேர் இல்லாமல் இது வாழாது. தட்டில் கஞ்சி ஊற்றி வளர்க்கிற மாதிரி பாஸ்போபாக்டீரியா என்ற மண் பாக்டீரியாவை வளர்க்கலாம். இதை முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைக்கிறவர்கள் நிறைய. பாஸ்போபாக்டீரியா இறுகிக் கிடப்பதைக் கரைத்துக் கொடுக்கும், வேர்ப்பூஞ்சை தூரத்தில் இருப்பதை எடுத்து வந்து கொடுக்கும். இரண்டும் வேறு வேலை.

இந்த உறவு நேற்று வந்ததல்ல. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற கிராமத்துப் பாறையில் சுமார் 40 கோடி வருடத்துக்கு முந்தைய செடிகள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றுக்கு ஒழுங்கான வேர் கூடக் கிடையாது. ஆனால் அவற்றின் செல்களுக்குள் இதே குட்டி மரங்கள் இருக்கின்றன. வேர் வருவதற்கு முன்னாலேயே வேர்ப்பூஞ்சை வந்துவிட்டது. பெயர் வைத்தது மட்டும் மிகவும் தாமதம். 1885இல் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர்தான் 'மைக்கோரைசா' என்ற சொல்லை உண்டாக்கினார். காட்டு மரங்களின் வேரில் பூஞ்சை படர்ந்திருப்பது நோய் அல்ல, உதவி என்று அவர் சொன்னபோது எதிர்த்தவர்கள்தான் அதிகம்.

சரி, எங்கள் கொல்லையில் அது எங்கே போயிற்று?

பதில் ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் டார்லிங் டவுன்ஸ் என்று ஒரு சமவெளி. அங்கும் கரிசல்தான். வெயிலில் வெடித்து, மழையில் ஒட்டிக்கொள்கிற அதே களிமண். மண்ணில் ஈரம் சேரட்டும் என்று ஒரு வருடத்துக்கு மேல் தரிசு போட்டு, களை வராமல் சுத்தமாக வைத்திருந்து, பிறகு விதைப்பார்கள். அப்படி விதைத்த சூரியகாந்தியும் மக்காச்சோளமும் கோதுமையும் வளராமல் நின்றன. மண்ணில் சத்து இருந்தும் மணிச்சத்து, துத்தநாகப் பற்றாக்குறை அறிகுறி தெரிந்தது. நீண்ட தரிசு நோய் என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். தரிசுக் காலத்தில் வேர் இல்லாமல் வேர்ப்பூஞ்சை குறைந்துபோனதுதான் காரணம் என்று தாம்ப்சன் என்ற ஆய்வாளர் 1987இல் எழுதினார். அதைப் படித்த ராத்திரி எனக்கு அப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. மழைக்கு மழை டிராக்டர் வாடகை கொடுத்து, ஒரு புல் விடாமல் உழுது, ஓய்வு என்று நினைத்து நாங்கள் கொடுத்தது பட்டினி.

மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஆளில்லாத வீட்டுல எலி கூட இருக்காதுன்னு சொல்றே" என்றார். அதே.

அதற்கும் மேலே, தவறுக்கு மேல் தவறாக வேறு இரண்டையும் செய்திருந்தோம். விதைக்காயைக் கார்பண்டசிம்மில் முக்கினோம். அது பூஞ்சைக் கொல்லி. கெட்ட பூஞ்சை, நல்ல பூஞ்சை என்று அதற்குப் பேதம் தெரியாது. ஈரம் காய்வதற்குள் வேம் கலந்த எருவில் ஊன்றினோம். சித்தப்பாவும்தான் மருந்தில் முக்கினார். ஆனால் அவர் மண் முழுக்கப் பூஞ்சை இருந்தது, காயை ஒட்டி இருந்தது செத்தாலும் தள்ளி இருந்தது வேரைத் தேடி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்களுக்கு அந்தக் கையிருப்பு இல்லை. இரண்டாவது, டி.ஏ.பி. வளரவில்லையே என்று பதற்றத்தில் மேலும் மேலும் போட்டோம். செடிக்கு மணிச்சத்துப் பசி இருந்தால்தான் அது பூஞ்சையைக் கூப்பிடும்.

கூப்பிடும் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. பசித்த வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் கசியவிடுகிறது. அது பட்டால் பூஞ்சை இழை கிளை கிளையாக வெடித்து வேரை நோக்கி வரும். ஜப்பானிய விஞ்ஞானிகள் 2005இல் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பெயரே ஒரு களையின் பெயரில் இருந்து வந்தது. சோளக்கொல்லையிலும் கரும்பிலும் வரும் சுடுமல்லியை (ஸ்ட்ரைகா) உங்களில் பலருக்குத் தெரியும். வேரில் ஒட்டி உறிஞ்சிப் பயிரையே காய வைக்கும். அதன் விதையை முளைக்க வைப்பதும் இதே பொருள்தான். நண்பனைக் கூப்பிடும் குரலைத் திருடனும் கேட்கிறான். அப்படியும் செடி கூப்பிடுவதை நிறுத்தவில்லை என்றால், அந்த நண்பன் அதற்கு எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். டி.ஏ.பி. கொட்டிப் பசியைத் தீர்த்துவிட்டால் அந்தக் குரல் அடங்கிவிடும்.

மிச்சம் இருந்தது பாக்கெட். அதில் உயிர் இருந்ததா என்று தெரிய வேண்டும். பிள்ளைகளோடு ஒரு சின்னச் சோதனை செய்தோம். மணலும் மண்ணும் கலந்து இட்லிச் சட்டியில் நன்றாக ஆவி கட்டினோம், இரண்டு நாள், நாளைக்கு ஒரு மணி நேரம். ஆறவிட்டு மூன்று தொட்டியில் நிரப்பினோம். ஒன்றில் எதுவும் சேர்க்கவில்லை. ஒன்றில் பாக்கெட்டில் மீதி இருந்த தூள். மூன்றாவதில் எங்கள் வேலியோர வரப்பில் இருந்து எடுத்த ஒரு கை மண், புல் வேரோடு. மூன்றிலும் மக்காச்சோளம் விதைத்தோம். ஆறு வாரம் கழித்து வேருக்கு மை போட்டுப் பார்த்தோம்.

சும்மா விட்ட தொட்டியில் ஒன்றும் இல்லை. பாக்கெட் தொட்டியிலும் ஒன்றும் இல்லை. வரப்பு மண் தொட்டியில் தோப்பு. ஒரு பெண் பிள்ளை மைக்ராஸ்கோப்பை விட்டு நகரவே மாட்டேன் என்றாள்.

இதை வைத்து வேம் பாக்கெட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த ஒரு பாக்கெட் எத்தனை மாதம் தகரக் கூரைக் கடையில் வெந்ததோ. இதைத் தயாரிப்பது சுலபமான வேலையும் இல்லை. உயிர் வேரில்தான் வளர்க்க முடியும் என்பதால் மக்காச்சோளம், சோளம் போலப் பயிரை வளர்த்து, வேரும் மண்ணும் வித்துகளுமாகக் கலந்து கொடுக்கிறார்கள். டெல்லியில் டெரி நிறுவனம் வேரை மட்டும் ஆய்வகத்தில் வளர்த்து அதில் பூஞ்சையைப் பெருக்குகிறது. நல்ல சரக்கு நிழலில் இருந்து, நாள் கடக்காமல் வந்தால் பயன் உண்டு. நாற்றங்கால் போடுகிற மிளகாய், தக்காளி, கத்தரிக்கு அது நல்ல வழி, கொஞ்ச இடத்தில் போட்டாலே எல்லா நாற்றுக்கும் ஏறிவிடும். நான் சொல்வது, வாங்குவதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள், போடும் நாளில் பூஞ்சைக் கொல்லியை அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள் என்பதைத்தான்.

எங்களுக்கு வரப்பு போதும் என்று தோன்றியது. அது அப்பாவின் அப்பா காலத்து வரப்பு. கலப்பை பட்டதே இல்லை. அருகும் கொழுக்கட்டைப் புல்லும் வருடம் முழுக்க வேர் விட்டுக்கொண்டே இருக்கிற இடம். புல்லைச் செதுக்கி வரப்பை வழித்துவிட வேண்டும் என்று அப்பா வருடா வருடம் ஆள் தேடுவார், கூலி கட்டாமல் தள்ளிப்போகும். அப்படித் தள்ளிப்போனதால் தப்பித்தது.

வேலியோரம் நாலு பாத்தி கட்டி, வரப்பு மண்ணைக் கலந்து, மக்காச்சோளத்தை நெருக்கி விதைத்தோம். வெங்காயம் போட்ட கொல்லையின் உள் வரப்பு மண்ணை எடுக்கவில்லை. அடி அழுகல் நோயும் கூடவே வந்துவிடும். எழுபது நாள் கழித்துத் தட்டையை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, வேரையும் மேல் மண்ணையும் கொத்தி எடுத்துக் கோணியில் கட்டி நிழலில் வைத்தோம். பிறகு மேலக்கொல்லையில் அந்த மண்ணில் கொஞ்சத்தைத் தூவி, மக்காச்சோளமும் ஊடுபயிராகத் தட்டைப்பயறும் போட்டோம். உழவு ஒரே ஒரு முறை. வெங்காயம் இல்லை. அந்த வருடம் மண்ணுக்குள் குடியேற்றம் மட்டும் நடக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

மக்காச்சோளம் முளைத்த புதிதில் கீழ் இலையும் தண்டும் ஊதா பூத்தன. மணிச்சத்துக் குறைவின் அறிகுறி. அப்பா கலங்கிப் போனார், டி.ஏ.பி. மூட்டையைப் பிரிக்கவே போய்விட்டார். கொஞ்சம் பொறுங்கள் அப்பா என்று கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். பயந்துகொண்டேதான் தடுத்தேன், தப்பாகப் போனால் ஒரு வெள்ளாமை போச்சு. மூன்றாம் வாரத்துக்கு மேல் புது இலைகள் பச்சையாக வர ஆரம்பித்தன.

இதைப் படிக்கிற காய்கறிக்காரர்களுக்கு ஒன்று. எல்லாப் பயிரும் இந்தப் பூஞ்சையைச் சேர்த்துக்கொள்ளாது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு ஒரு குடும்பம். பீட்ரூட், பாலக், முளைக்கீரை இன்னொரு குடும்பம். இவை தனியாகவே பிழைத்துக்கொள்ளும். இவற்றைத் தொடர்ந்து போட்ட நிலமும் பூஞ்சைக்குத் தரிசு மாதிரித்தான். அடுத்து வெங்காயமோ மிளகாயோ மரவள்ளியோ போடுவதாக இருந்தால், நடுவில் ஒரு பயறோ சோளமோ போட்டுவிடுங்கள். மரவள்ளிக்கு இந்தப் பூஞ்சை இல்லாமல் ஆகவே ஆகாது.

போன ஐப்பசியில் மறுபடியும் வெங்காயம் ஊன்றினோம். கோணி மண்ணை விதைக்காய்க்குக் கீழே ஒரு பிடி. கார்பண்டசிம் முக்கவில்லை, அதற்குப் பதில் பட்டறையிலேயே அழுகல் காயைப் பொறுக்கித் தள்ளுவதற்குக் கூடுதலாக ஓர் ஆள் வைத்தோம். டி.ஏ.பி. பாதி. சித்தப்பா கொல்லைக்குச் சமமாக வந்ததா என்றால், கிழக்குப் பக்கம் வந்தது. மேற்கு மூலையில் மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் அந்த அளவுக்கு வரவில்லை. ஆனால் வளராமல் நின்ற செடி என்று ஒன்றைக் கூடக் காட்ட முடியாது. அறுவடையில் பிடுங்கும்போது வேரோடு மண் திரள் திரளாக ஒட்டிக்கொண்டு வந்ததை ஆள்கள் கூடச் சொன்னார்கள். இழைகள் மண்துகளைப் பின்னிப் பிடித்திருந்தால் அப்படித்தான் வரும்.

ஒரே ஒரு கொல்லை, ஒரே ஒரு வருடம். இதை வைத்து இன்னொருவர் கொல்லைக்கு நான் அளவு சொல்ல மாட்டேன். ஆனால் வேருக்கு மை போடுவது எல்லோராலும் முடியும். பக்கத்தில் மேல்நிலைப்பள்ளி இருந்தால் அங்கே மைக்ராஸ்கோப் இருக்கும். தாவரவியல் ஆசிரியரைக் கேளுங்கள், மறுக்க மாட்டார்.

போன வாரம் பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பா வாசலில் நின்றிருந்தார். கையில் ஈரத்துணி சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்துப் பார்த்தால் மேற்கு மூலையில் போட்டிருக்கும் தட்டைப்பயறு, வேர் ஓர் இழை அறாமல், வாளியில் ஊறவைத்து அலசியே கொண்டு வந்திருந்தார்.

"இதுக்கு மை போட்டுப் பாரு பாப்பா. சாயங்காலம் டிராக்டர்காரன் கேப்பான், உழவா வேண்டாமான்னு சொல்லணும்."